விட்டுப்போன பகுதி: மறுஒளிபரப்பின் வரலாறு குறித்து வாழவந்தி நாட்டிலிருந்து சில குறிப்புகள்

தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி நம் சிற்றிதழ்களில் வந்தவற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று அழுகை, மற்றது போதை. மாமியார் கொடுமை, பழிவாங்கல், கள்ள உறவு என்று கதையைச் சுருக்கிச் சொல்லி, அங்கிருந்து விளம்பரச் சந்தைக்கு ஒரு கோடு இழுத்துவிட்டால் கட்டுரை முடிந்தது. பார்க்கிறவர் யார், எங்கே உட்கார்ந்து பார்த்தார், உட்கார்ந்துதான் பார்த்தாரா என்ற கேள்விகள் அபூர்வமாகவே எழுப்பப்பட்டிருக்கின்றன.

இப்போது இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு வகை எழுத்து பெருகியிருக்கிறது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன தலைமுறை, தான் பார்த்து வளர்ந்த தொடர்களை நினைத்து உருகுகிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு'வில் ராத்திரியில் குதிரை வரும் இடம், 'சித்தி'யில் ராதிகா பதில் பேசும் இடம், 'மெட்டி ஒலி'யின் தொடக்கப் பாட்டுக்கு சாந்தி ஆடும் ஆட்டம் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல். மனசு சரியில்லையென்றால் இந்தப் பகுதியைப் போட்டுப் பார்ப்பேன் என்கிறார்கள். அமெரிக்காவில் 'ஃபிரண்ட்ஸ்' தொடருக்கு இதே மரியாதை உண்டு. இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. முடிவு தெரிந்த கதைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கால் நீட்டிக்கொள்வது யாருக்கும் வேண்டியிருக்கிற விஷயம்தான். ஆனால் 'மறுபடி' என்ற சொல்லுக்குள் ஒரு முன்நிபந்தனை ஒளிந்திருக்கிறது. முதல் தடவை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். சொந்த வீட்டில், சொந்தப் பெட்டியில், நடுவில் யாரும் எழுப்பாமல்.

வாழவந்தி நாட்டில் சில மாதங்கள் போய்வந்துகொண்டிருந்தபோது இந்த நிபந்தனை எனக்குப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று அது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். இங்கே பெரும்பான்மையாக வாழும் மலையாளிகள் அரசுப் பட்டியலில் பழங்குடியினர்; காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதையைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்கிறவர்கள். சாமையும் கேழ்வரகும் போட்ட காடுகள் பல இன்று மரவள்ளிக் காடுகள். கிழங்கு லாரியில் இறங்கிக் கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கு போன வழியிலேயே ஆட்களும் வேலைக்கு இறங்கிப் போனார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்த இறக்கம் முக்கியம்.

தொலைக்காட்சிக்கு முன்னால் திரும்பப் பார்த்தல் எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொங்குச் சமவெளியில் அண்ணன்மார் கதை உடுக்கடித்துப் பாடப்பட்டு வந்திருக்கிறது. 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதைப் பல இரவுகள் பதிவு செய்தார். சக்திக்கனல் தொகுத்த அச்சுப் பிரதியும் பிறகு வந்தது. பொன்னரும் சங்கரும் சாகப்போகிறார்கள் என்பது கேட்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் படுகளத்துக்குக் கூட்டம் கூடுகிறது. செத்த அண்ணன்மாரைத் தங்கை எழுப்புவாள், அவர்கள் சற்று நேரம் எழுந்து பேசுவார்கள், பிறகு மறுபடி சாவார்கள். ஒரே சாவை இரண்டு தடவை பார்க்கும் வசதியைக் கதையே செய்து வைத்திருக்கிறது. வடமாவட்டங்களின் பாரதக் கூத்திலும் இப்படித்தான். கர்ண மோட்சம் வேண்டுமா, அபிமன்யு சண்டை வேண்டுமா, துகிலுரிதல் வேண்டுமா என்பதை ஆட்டத்துக்குச் சொல்கிற ஊர் தீர்மானிக்கும். எந்த இடத்தை நீட்டுவது, எதைத் தாண்டிப்போவது என்பதைக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக் கூத்தாடி முடிவு செய்வார்.

இதைப் பொற்காலமாக வரைந்துகாட்ட நான் வரவில்லை. 'ஊர்' என்றால் யார்? காசு கொடுத்தவர், முன்வரிசையில் பாய் போட்டவர். சேரிக்காரர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்டால் அந்தப் பொற்காலம் கலைந்துவிடும். அண்ணன்மார் கதையேகூட ஏர் பிடித்தவர் பக்கம் நின்று காட்டு வேட்டுவரை எதிரியாக்கிச் சொல்லப்படும் கதைதான். ஆனாலும் ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. இந்த ராத்திரி தூரத்தில் நின்று பார்த்தவளுக்கு அடுத்த வருஷமும் அதே ஆட்டம் வரும்; ஒரு பகுதி விட்டுப்போனால் அது ஒரேயடியாகப் போய்விடாது.

ஒளிபரப்பு அந்த உத்தரவாதத்தை எடுத்துவிட்டது. சென்னைத் தூரதர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. பஞ்சாயத்துப் பெட்டி, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', 1987-88இல் மொழி புரியாமலே பார்க்கப்பட்ட ராமானந்த சாகரின் ராமாயணம், அதற்குப் பின் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம். எல்லாமே வரும், போகும், அவ்வளவுதான். ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் அதன் இயல்பை 'ஓட்டம்' என்று குறிப்பிட்டார். நிகழ்ச்சி, விளம்பரம், அறிவிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாகப் பாய்வதை அவர் விவரித்தார். அந்த ஓட்டத்தின் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கும், பாத்திரத்தோடு கடந்து போனவருக்கும் அது ஒரே ஓட்டமாக இருக்க முடியாது என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 1999 முதல் 2001 வரை 'சித்தி'. 2002 முதல் 2005 வரை திருமுருகன் இயக்கத்தில் 'மெட்டி ஒலி', எண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கும் சிதம்பரம் என்ற அப்பா, டெல்லி குமார் நடித்தது. இரண்டாவது மகள் சரோஜாவின் மாமியார் ராஜம், சாந்தி வில்லியம்ஸ் நடித்தது. வாரத்துக்கு ஐந்து ராத்திரி தமிழ்நாட்டு வீடுகளில் பேச்சு நின்றுபோன காலம் அது.

அந்தக் காலத்தில் வாழவந்தி நாட்டுப் பெண்கள் அதை எப்படிப் பார்த்தார்கள்? நான் பேசியவர்களில் பலரிடம் அப்போது பெட்டி இல்லை. கீழே வேலைக்குப் போன இடத்தில் பார்த்தவர்கள் உண்டு. வசதியான வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்கள் உண்டு. ஐம்பது தாண்டிய ஒரு அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். "கீழ்நாட்டுல ஒரு ஊட்டுல வேலைக்கு இருந்தேன் தம்பி. ராத்திரி அந்தப் பாட்டு வந்தா நானும் வந்து கதவோரமா நிப்பேன். உக்காரச் சொல்லமாட்டாங்க, போன்னும் சொல்லமாட்டாங்க. நல்லாப் போயிட்டிருக்கும்போது தண்ணி கேப்பாங்க, தோசைக்குச் சட்னி கேப்பாங்க. போயிட்டு வந்தா கதை வேற எடத்துல நிக்கும். மறுநாளு பாத்திரம் கழுவறப்ப அந்த ஊட்டு அம்மாகிட்ட என்ன ஆச்சுன்னு கேக்க முடியுமா?"

இந்த வாக்குமூலத்தில் ஒரு பார்வையாளர் கோட்பாடே இருப்பதாக நினைக்கிறேன். தொடர் ஒரு பிரதி என்றால் அது இவரிடம் வந்து சேர்ந்தது ஓட்டைகளோடுதான். ஓட்டைகளின் அளவை நிர்ணயித்தது எழுத்தாளரோ இயக்குநரோ இல்லை. அந்த வீட்டின் பசி. மற்றவர்கள் விளம்பர இடைவேளையில் எழுந்துபோனார்கள், இவர் கதைக்கு நடுவில் எழுந்துபோனார். விளம்பரங்களை மட்டும் முழுசாகப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார்.

2006 செப்டம்பர் 15இல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் தரப்பட்டன. இலவசம் என்று நம் அறிவுஜீவிகள் முகம் சுளித்ததும், கேபிள் கம்பிகள் யார் குடும்பத்துக்கு லாபம் என்று கேட்டதும் (இரண்டாவது கேள்வி நியாயமானது) நினைவிருக்கலாம். என்னுடைய வாதத்துக்கு இங்கே தேவைப்படுவது ஒரு சின்னத் தேதிக் கணக்குதான். 'மெட்டி ஒலி' முடிந்தது 2005. பெட்டி வர ஆரம்பித்தது 2006. ஊரே பேசிய தொடர் முடிந்த பிறகுதான் அதைப் பார்க்கும் சாதனம் ஏழை வீட்டுக்கு வருகிறது. வந்த பெட்டிக்கும் 2008ஐ ஒட்டித் தொடங்கிய மின்வெட்டு காத்திருந்தது. திரையில் தலையணை உறையைப் போர்த்தி வைத்திருந்தோம் என்றார் ஒருவர்.

பிறகு 2020. மார்ச் 19இல் திரைப்படம், சின்னத்திரைப் படப்பிடிப்புகள் நிறுத்தப்பட்டன, 24ஆம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க ராமாயணம் மறுஒளிபரப்பாகும் என்று அன்றைய ஒலிபரப்புத் துறை அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் அறிவித்தார். ஏப்ரல் 16ஆம் தேதிப் பகுதியை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூரதர்ஷன் கணக்குச் சொன்னது. அதே நாட்களில் நெடுஞ்சாலையில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தவர்கள் எந்தத் தொடரைக் கேட்டுக்கொண்டார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. புதுப் பகுதிகள் தீர்ந்துபோன தனியார் அலைவரிசைகளும் கிடங்கைத் திறந்தன. சன் டிவியில் 'மெட்டி ஒலி' மறுபடி வந்தது.

யாருக்கு மறுபடி? சென்னையில் இருந்தவருக்கு அது பழைய நினைவு. கொல்லிமலையில் பலருக்கு அதுவே முதல் ஒளிபரப்பு. தன் வீட்டுத் தரையில், காலை நீட்டி உட்கார்ந்து, யாரும் தண்ணீர் கேட்காமல் பார்த்தது அப்போதுதான். உங்களுக்குப் பிடித்த பகுதி எது என்று நான் கேட்டபோது கிடைத்த பதில்கள் நகரத்துப் பட்டியல்களோடு பொருந்தவே இல்லை. "நான் பாக்காத பகுதிதான்" என்றார் ஒருவர். கதவோரத்தில் நின்றபோது விட்டுப்போன இடங்களை, பதினைந்து வருஷம் கழித்துப் பொறுமையாக வந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குப் பழைய நினைவின் சுகம் என்று பெயர் வைத்தால் வழக்கு கலைந்துவிடும். பாக்கி வசூல் என்பது கொஞ்சம் கிட்டே வருகிறது.

எந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறுதல் தரும் பகுதி என்றால் கல்யாணம், வளைகாப்பு, அக்கா தங்கைகள் கூடிச் சிரிக்கும் இடம் என்று எதிர்பார்ப்போம். இங்கே அதிகம் பேசப்பட்டது ராஜம் சரோஜாவைப் படுத்தும் பகுதிகள். நெதர்லாந்தில் இயன் ஆங் என்ற ஆய்வாளர் 'டல்லாஸ்' பார்ப்பது உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்து, வந்த 42 கடிதங்களை வைத்து 1982இல் ஒரு நூல் எழுதினார். கதை நம்பும்படி இல்லாவிட்டாலும் அதிலுள்ள உணர்ச்சி நிஜம் என்று பார்ப்பவர்கள் கருதுவதை அவர் காட்டினார். பூர்ணிமா மங்கேகர் டெல்லிப் பெண்களோடு பேசியபோது திரௌபதி துகிலுரியப்படும் காட்சியில் அவர்கள் தங்கள் சொந்த நிலைமையைப் பார்த்தார்கள். வாழவந்தி நாட்டில் நடப்பது இந்த இரண்டிலும் முழுசாக அடங்கவில்லை. இங்குள்ள பெண்கள் சரோஜாவில் தங்களைப் பார்க்கவில்லை. சரோஜாவைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள்.

காரணம் மண உறவின் வரலாற்றில் இருக்கிறது. மலையாளிகளிடம் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துக் கட்டுவது வழக்கம். ஒத்துவராவிட்டால் ஊர்க்கூட்டத்தில் பேசி, கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண் விலகிவர வழியிருந்தது, மறுமணத்துக்கும் தடையில்லை. இதைப் பெண் சுதந்திரம் என்று கொண்டாட வேண்டியதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது ஆண்கள். ஆனால் 'கட்டிக்கொடுத்தாச்சு, இனி செத்தாலும் அங்கேதான்' என்ற கீழ்நாட்டு இலக்கணம் இங்கே முழுசாகச் செல்லுபடியாகவில்லை. அந்த அம்மா கேட்டார்: "அந்தப் புள்ள ஏன் தம்பி அவ்ளோ அடியும் பேச்சும் வாங்கிட்டு அங்கயே கெடக்குது? அப்பன் ஊடு இருக்குதில்ல? எங்காளுங்கன்னா கூட்டத்துல பரிசத்தை எறிஞ்சிட்டு வந்திருப்போம்." பக்கத்தில் இருந்த அவர் மருமகள் சும்மா இருக்கவில்லை. "இப்ப எங்க அத்தை பரிசம்? உங்க பேத்திக்கு எத்தனை பவுனுன்னு கேட்டுட்டுப் போனாங்களே, மறந்துட்டீங்களா?" என்றாள்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மரவள்ளிப் பணத்தோடும் கல்லூரிப் படிப்போடும் சேர்ந்து மலையேறி வந்துகொண்டிருக்கிறது வரதட்சணை. மாமியார் பார்த்தபோது அது கீழ்நாட்டாரின் வினோதக் கதை. மருமகளுக்கு வீட்டு வாசலில் நிற்கிற சங்கதி. பேத்தி பார்க்கும்போது என்னவாக இருக்கும் என்பதைப் பேத்திதான் சொல்ல வேண்டும். ஒரே பகுதி, ஒரே நடிகர்கள், ஒரே வசனம். பார்க்கிற தரை நகர்ந்திருக்கிறது. தொடர் மாறாமல் இருப்பதால்தான் தாங்கள் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்பது அந்த வீட்டில் பேச்சாக வெளியே வந்தது. தொடர்கள் ஆதிக்கக் கருத்தியலைப் பெண்கள் தலையில் இறக்குகின்றன என்ற நமது பழைய சூத்திரம், ராஜம் திரையில் கத்திக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டு பெண்களும் நடத்திய விவாதத்தை எங்கே வைக்கும்?

சூத்திரத்தைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலையாளி வழக்கத்தில் இருந்த வெளியேறும் வழியை எந்தத் தொடரும் காட்டியதில்லை. சரோஜாவின் பொறுமைக்குத்தான் பின்னணி இசை. அந்த இசையைக் கேட்டு வளர்கிற பேத்திக்குப் பரிசத்தை எறிந்துவிட்டு வருவது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். கூத்தாக இருந்தால், இந்த இடத்தில் வேறு மாதிரி பேசு என்று கட்டியங்காரனிடம் சொல்லி வைக்க முடியும். திரைக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

இப்போது கைப்பேசி வந்துவிட்டது. எந்தப் பகுதியையும் எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்கிறார்கள். மலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் உட்கார்ந்து பேத்தி பாட்டிக்காகத் தேடித் தருகிறாள். பகுதிகளுக்கு அங்கே எண்கள்தான் பெயர். அந்த அம்மா தேடுவது, சட்னி அரைக்கக் கூப்பிட்டபோது விட்டுப்போன ஒரு ராத்திரியை. மாணிக்கம் தன் அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. 2020இல் அந்தப் பகுதி வந்த அன்று கிழங்கு பிடுங்கப் போயிருந்தாராம். நான் கடைசியாகப் போனபோது பேத்தி முந்நூற்றுச் சொச்சமாவது எண்ணில் இருந்தாள்.