சதுரங்கப் பலகையில் சில பாடங்கள்

பிழைப்புக்காக உழைக்கும் நேரத்தில் மனிதன் பெரும்பாலும் பிறருடைய கட்டளைக்கு உட்பட்டவன். ஓய்வு நேரத்திலோ அவன் தன் விருப்பத்துக்கு உரியவன். ஆகவே ஒரு சமுதாயத்தின் பண்பை அறிய வேண்டுமாயின், அது எவ்வாறு உழைத்தது என்பதோடு எவ்வாறு பொழுதைப் போக்கியது என்பதையும் வரலாற்றில் தேடிப் பார்த்தல் வேண்டும். இஸ்லாமிய உலகில் கலீபா முதல் கடைத்தெரு வணிகர் வரை ஒரே பலகையின் இருபுறமும் அமரச் செய்த பொழுதுபோக்கு ஒன்று உண்டு. அதுவே சதுரங்கம்.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் நம் பாரத நாடே. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளைக் குறிக்கும் 'சதுரங்கம்' என்ற சொல்லே அதற்குச் சான்று. இங்கிருந்து பாரசீகம் சென்று 'சத்ரங்' எனப் பெயர் பெற்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபின் அரபு நாவில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. பின்னர் ஸ்பெயினுக்கும் பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது. ஸ்பானிய மொழியில் இன்றும் இவ்விளையாட்டுக்கு 'அஹெத்ரேஸ்' என்பதே பெயர். அஷ்ஷத்ரஞ்ச் என்பதன் திரிபே அது. அரபியர் யானையை 'அல்ஃபீல்' என்றனர். ஸ்பானியர் அக்காயை இன்றும் 'அல்ஃபில்' என்றே அழைக்கின்றனர். நாட்டுக்கு நாடு மதமும் மொழியும் மாறின. பலகையின் 64 கட்டங்கள் மாறவில்லை.

முஸ்லிம் குடும்பங்களில் இவ்விளையாட்டைப் பற்றிப் பேச்செழும்போது, 'இது ஆகுமானதா?' என்ற வினாவே முதலில் எழும். எழுவதும் நியாயமே. பகடையுருட்டி ஆடும் 'நர்து' என்னும் ஆட்டத்தை அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருப்பது ஹதீஸ் நூல்களில் காணப்படுகிறது. சூதாட்டத்தை மதுவோடு சேர்த்துத் திருக்குர்ஆன் விலக்கியிருக்கிறது. இவ்விரண்டிலும் ஐயத்துக்கு இடமில்லை. பகடையில்லாத, பந்தயமில்லாத சதுரங்கத்தைப் பற்றியே மார்க்க அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். ஹனபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் அறிஞருள் பெரும்பாலோர் அதனை வெறுத்தனர், அல்லது விலக்கினர். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் வழிவந்தோர், விரும்பத்தக்கதன்று எனினும் ஹராம் அன்று என்றனர். ஆயினும் பணம் வைத்து ஆடினாலோ, ஆட்டத்தின் மயக்கத்தில் தொழுகை தவறினாலோ அது ஹராமே என்று இமாம் நவவி (ரஹ்) தெளிவுபடுத்தினார்கள். பெரிய தாபியீன்களுள் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, காய்களைப் பாராமலே ஆட வல்லவர் என்ற செய்தியும் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது.

நம் தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாபிஈ மத்ஹபினர் மிகுதி; உள்நாட்டு ஊர்களில் ஹனபி மத்ஹபினர் மிகுதி. ஆகவே மணவுறவால் இணைந்த இரு குடும்பங்களில், ஒரு வீட்டில் பொறுத்துக் கொள்ளப்படும் பலகை மறுவீட்டில் கண்டிக்கப்படலாம். அத்தகைய இடத்தில் ஒருவர் மற்றவரை மார்க்கம் அறியாதவர் என்று இகழ்தல் அடாது. கருத்து வேறுபாட்டை நம் இமாம்கள் கண்ணியத்தோடு ஏற்றனர். பலகையை எடுக்கும் முன்பே கற்க வேண்டிய பாடம் இதுவென்போம்.

சதுரங்கத்தையும் நர்தையும் ஒப்பிட்டுப் பழங்கால அறிஞர் எழுப்பிய சிந்தனை ஒன்று நம் ஆழ்ந்த கவனத்துக்குரியது. 10ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி அதனைத் தம் 'முரூஜுத் தஹப்' என்னும் நூலில் எடுத்துரைக்கிறார். பகடை விழுந்தபடியே காயை நகர்த்தும் நர்து, மனிதனுக்குச் செயலுரிமையே இல்லை, யாவும் விதியின் வழியே என்போரின் கொள்கைக்கு ஒப்பாகுமாம். ஒவ்வொரு நகர்வையும் ஆடுபவனே தேர்ந்து கொள்ளும் சதுரங்கம், மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்போரின் கொள்கைக்கு ஒப்பாகுமாம். கலாம் அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கத்ர் பற்றிய பெருங்கேள்வியை இரண்டு பலகைகளைக் காட்டி விளக்கிவிட்டனர்!

நம்முடைய ஈமானோ இவ்விரண்டின் எல்லைகளிலும் நிற்பதன்று. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று கற்றவர்கள் நாம். பலகையின் அளவை நாம் வகுக்கவில்லை. காய்களின் இயல்பை நாம் தீர்மானிக்கவில்லை. எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்பதும் நம் கையில் இல்லை. நம் முறை வரும்போது எதை எடுத்து எங்கே வைப்பது என்பதொன்றே நமக்கு விடப்பட்டிருக்கிறது. அதற்குரிய பொறுப்பை விதியின்மேல் போட்டுவிட்டு ஒதுங்க முடியாது. கடையில் நட்டம் வந்தால் 'நஸீபு' என்று பெருமூச்சு விடுபவர், கணக்கை ஒழுங்காக எழுதினோமா, சரக்கை ஆராய்ந்து வாங்கினோமா என்று தம்மைக் கேட்டுக் கொள்வதுண்டா? கேட்டுவிட்டு அதன்பின் 'நஸீபு' என்பாராயின் அதுவே தவக்குல்.

அப்பாசியர் ஆட்சியில் சதுரங்கம் ஒரு கலையாகவே வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல் அத்லீ என்பார் அதைப் பற்றி நூல் எழுதினார். ஆட்டக்காரர்களைத் திறமைப்படி வகுப்புகளாகப் பிரிக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. உயர் வகுப்பினர் தமக்குக் கீழ்ப்பட்டவரோடு ஆடும்போது தம் காய்களில் ஒன்றைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்து ஆடினர். எதிரியின் தகுதி எவ்வளவு குறைவோ அவ்வளவு பெரிய காயை இழக்க வேண்டும். வலியவன் மெலியவனுக்கு விட்டுக்கொடுத்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அண்ணன் தம்பிக்கும், கணவன் மனைவிக்கும், முதலாளி தொழிலாளிக்கும் இவ்விதி பொருந்தாதா?

இக்கலையின் தலைமகனாக விளங்கியவர் அபூபக்ர் அஸ்ஸூலி. கலீபா முக்தஃபீ (ஆட்சி 902–908) அவையில் அல் மாவர்தி என்பவரே பேராட்டக்காரராகப் போற்றப்பட்டு வந்தார். அஸ்ஸூலி அவரோடு மோதியபோது கலீபா மாவர்தியின் பக்கமே வெளிப்படையாக நின்று ஊக்கமூட்டினார். அஸ்ஸூலி வென்றதும் கலீபாவின் மனமும் மாறிவிட்டது. மாவர்த் என்பதற்குப் பன்னீர் என்பது பொருள். அந்தப் பெயரையே இழிவாக்கிக் கேலி பேசித் தம் பழைய நண்பரைக் கைவிட்டார் கலீபா. வெற்றி பெற்ற அஸ்ஸூலியின் நிலைதான் என்னவாயிற்று? கலீபா ராளீ (ஆட்சி 934–940) அவரைத் தம் ஆசானாகவும் தோழராகவும் கொண்டிருந்தார். அழகிய பூந்தோட்டம் ஒன்றில் உலவியபோது, இதைவிட அழகியது அஸ்ஸூலியின் ஆட்டம் என்று அவர் வியந்ததாக மஸ்ஊதி எழுதுகிறார். ராளீ மறைந்தபின் அந்த ஆதரவும் மறைந்தது. அஸ்ஸூலி பக்தாதை விட்டகன்று பஸராவில் வறுமையில் இறந்தார். அரசரின் புகழ்ச்சியை வாழ்வின் மூலதனமாகக் கொண்டோர் இருவரும் ஒரே முடிவையே கண்டனர்.

ஆயினும் அவர் எழுதியவை அழியவில்லை. கலீபாக்களின் வரலாற்றையும் கவிஞர் பலரின் பாடல்களையும் தொகுத்தவர் அவர். அவர் அமைத்த சதுரங்கப் புதிர் ஒன்று ஆயிரம் ஆண்டுகளாக விடை காணப்படாமல் இருந்து, 20ஆம் நூற்றாண்டில் ரஷ்ய வல்லுநர் யூரி அவெர்பாக்கால் விடுவிக்கப்பட்டது. மன்னரின் பாராட்டு மறைந்தது. அறிவின் பயன் எஞ்சியது.

சதுரங்கக் கட்டங்களில் தானியம் வைத்த கதையை நம் பிள்ளைகளும் அறிவர். முதற் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக் கொண்டே 64 கட்டங்களுக்கும் தருமாறு ஓர் அறிஞன் மன்னனிடம் கேட்டானாம். கதை எப்படியிருப்பினும் கணக்கு மெய். மேதை அல்பீரூனி ஏறத்தாழ கி.பி. 1000-இல் எழுதிய நூலில் இத்தொகையைக் கணித்துக் காட்டியிருக்கிறார். அது 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும். எந்தக் களஞ்சியமும் தாங்காத தொகை இது! இரட்டிப்பதன் வலிமை இத்தகையது. வட்டியைப் பன்மடங்காகப் பெருக்கி உண்ணாதீர்கள் என்று இறைமறை ஏன் எச்சரித்தது என்பதை இப்பலகையே விளக்கிவிடும். முதல் சில கட்டங்களில் கடன் ஒரு பொருட்டாகத் தெரியாது. பாதிப் பலகையைக் கடக்கு முன்பே வீடு போய்விடும். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் நல்லமல் இறைவனுக்கு உவப்பானது என்ற நபிமொழிக்கும் இதிலே ஒரு விளக்கம் காணலாம்.

ஈரானின் நிஷாப்பூரைச் சேர்ந்த 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் நியூயார்க் நகரப் பெருநகர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீலமும் கருமையுமான மெருகு பூசிய அக்காய்களில் முகமில்லை, உருவமில்லை. அரசன் சிறு ஆசனம் போன்றவன். யானைக்கு இரு மேடுகளே தந்தங்கள். உருவங்களைச் செதுக்காமலே அழகைப் படைக்க முடியும் என்று அந்தக் கைவினைஞர் காட்டினர். மார்க்கத்தின் வரம்பு அவர்களின் கலையை முடக்கவில்லை. அதற்குப் புது வடிவம் தந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். பஞ்சாபின் கிராமமொன்றிலிருந்து சென்ற மீர் சுல்தான் கான், 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவை 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தார். அவரை அழைத்துச் சென்ற சர் உமர் ஹயாத் கானின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண்மணி 1933-இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியனானார். அவ்வாண்டுக்குப் பின் சுல்தான் கான் நாடு திரும்பி, உலக அரங்கை விட்டு விலகி வாழ்ந்து, 1966-இல் காலமானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல்தான். உழைப்புக்கு உரிய கூலி இவ்வுலகில் உடனே கிடைக்கும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. கூலி தாமதமாவதால் உழைப்பு வீணாகிவிடுவதும் இல்லை.

இவ்வளவும் கூறியது பலகையின் புகழ் பாடுவதற்காக அன்று. சதுரங்கத்தைக் கடிந்த அறிஞர்களின் அச்சம் வெறும் அச்சமன்று. அஸர் தொழுத பின் அமர்ந்தவர்கள் மஃரிபின் பாங்கொலி காதில் விழாதவர்களாய் இருப்பதை நம் ஊர்த் திண்ணைகள் கண்டதுண்டு. இன்று திண்ணையும் தேவையில்லை. உள்ளங்கையளவுக் கருவியில் நள்ளிரவு வரை ஆடலாம், முகமறியாதவரோடு பந்தயமும் கட்டலாம். வீட்டின் பெரியவர்கள் இதைக் கண்டு வாளாவிருத்தல் ஆகாது.

தம் மத்ஹபின்படி இதனை விலக்குவோர் விலக்கட்டும், அது பேணுதல். அனுமதிப்போர் ஒரு வரம்பு வகுத்துக் கொள்ளட்டும். பந்தயம் கூடாது. தோற்றவரை இகழ்தல் கூடாது. பாங்கு ஒலித்தால், வெற்றி அடுத்த நகர்வில் காத்திருந்தாலும், காய்களை விட்டு எழுந்துவிட வேண்டும். வெல்லும் தறுவாயில் எழுந்து ஒளுச் செய்யச் செல்லும் பிள்ளை, ஆட்டத்தினால் கெட்டுப் போகவில்லை என்று அவனுடைய தாய் தந்தையர் மனம் நிறையலாம். அத்தகைய பிள்ளைகளை வல்ல இறைவன் நம் இல்லங்கள்தோறும் தந்தருள்வானாக!