பஞ்சப்படிக்காக 127 நாள்



2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் நாட்டுப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை என்னாகும் என்று எல்லோரும் பேசினோம். ஆனால் எங்கோ போட்ட வரி, இங்குள்ள டெய்லரின் சனிக்கிழமைச் சம்பளத்தை எப்படி அவ்வளவு சீக்கிரம் தொடுகிறது? பதில் தெரிய நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1984. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த நேரம். பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, 127 நாள்! எங்கள் லைன் வீட்டில் பக்கத்து வீட்டு அண்ணன் கட்டிங் மாஸ்டர். மளிகைக் கடை நோட்டில் கடன் ஏறிக்கொண்டே இருந்தது. "பருப்பு வெலை ஏறுதுங்கல்ல தம்பி, கூலி மட்டும் அப்படியே நின்னா எப்படிங்க?" என்றார். பஞ்சப்படிக்கு அதைவிட எளிய விளக்கம் பிறகு எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அந்தப் போராட்டத்தால் பஞ்சப்படி என்ற சொல் ஊரில் நிலைத்தது. இன்றும் கூலி ஒப்பந்தப் பேச்சில் அது வராமல் இருக்காது. ஆனால் அதே காலத்தில் தொழிலின் அமைப்பே மாறத் தொடங்கியது. ஏற்றுமதி பெருகியது. ஒரே கூரைக்குள் நடந்த வேலை நிட்டிங், டையிங், பிரிண்டிங், பவர் டேபிள் என்று பல கைகளுக்குப் பிரிந்தது. நடுவில் கான்ட்ராக்டர் வந்தார். பீஸ் ரேட் வந்தது. பலருக்கு முதலாளி யார் என்பதே தெரியாமல் போனது. முதலாளி தெரியாதவர் பஞ்சப்படியை யாரிடம் போய்க் கேட்பார்?

அதன் பிறகு வந்த ஒவ்வொரு அடியும் முதலில் விழுந்தது இவர்கள் மேல்தான். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நதிக்காக அது வேண்டியதுதான். ஆனால் சாயம் நின்றால் தையலும் நிற்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு. வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுடன் ஊர் திரும்பியதை நாம் பார்த்தோம். அப்புறம் இந்த வரி.

ஆர்டர் குறைந்தால் கதவை உடனே மூட மாட்டார்கள். காலை எட்டரைக்குப் போய் இரவு வரை பார்க்கும் 'ஒன்றரை ஷிப்ட்' ஒரு ஷிப்டாகும். பிறகு வாரத்தில் நான்கு நாள் வேலை. அப்புறம் "சொல்லி அனுப்பறோம்". வேலை நீக்கக் கடிதம் கிடையாது. அதனால் வேலை போனதாகக் கணக்கும் கிடையாது. வீட்டு வாடகைக்கும் பள்ளி வேன் கட்டணத்துக்கும் ஒன்றரை ஷிப்டை நம்பித்தான் குடும்பம் கணக்குப் போட்டிருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை நாலு நாள் வராவிட்டால், அப்பாவுக்கு வேலை இல்லை என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

கொரோனா காலத்தில் எங்கள் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். எவ்வளவு வருத்தப்பட்டோம்! அப்போதும் ஓய்வூதியம் மாதாமாதம் வந்தது. பஞ்சப்படியும் அகவிலைப்படியும் ஒன்றுதான். எனக்கு அது அரசாணையில் வருகிறது. அந்த அண்ணன் அதற்காக 127 நாள் பட்டினி கிடந்தார்.

அடுத்த முறை பனியன் வாங்கும்போது விலையோடு இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1984-ஐ நேரில் பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். நம் பிள்ளைகள் படிக்கட்டும்.