குப்புற விழும் முன்னால்

குழந்தைக்கு மூணு மாசம் ஆச்சுன்னா, பார்க்க வர்ற எல்லாரும் கேட்கிற கேள்விகள் நமக்குத் தெரியும். "தலை நின்னுடுச்சா? குப்புற விழுறாளா?" ஆனா, "சும்மா மல்லாக்கப் படுத்திருக்கும்போது கை காலை எப்படி ஆட்டுறா?"ன்னு யாரும் கேட்கிறதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு டாக்டரோட கதைதான் இன்னைக்கு.

பேர் ஹைன்ஸ் பிரெக்டல். 1927-ல் வியன்னாவில் பிறந்தவர். பின்னாடி நெதர்லாந்தில் உள்ள குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்து மருத்துவம் பச்சைக் குழந்தையை ஒரு அனிச்சைச் செயல் மூட்டையாகத்தான் பார்த்தது. உள்ளங்கையில் விரலை வைத்தால் பிடிக்கும், கன்னத்தைத் தொட்டால் வாயைத் திருப்பும். அதனால் பரிசோதனை என்றாலே தட்டுவது, தொடுவது, இழுப்பது. பிரெக்டலே 1964-ல் பிறந்த குழந்தையின் நரம்பியல் பரிசோதனை பற்றி ஒரு முக்கியமான கையேட்டைச் சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதியவர்தான்.

ஆனா அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. விலங்குகளோட நடத்தையைப் படித்தவர் அவர். அந்தத் துறையின் முதல் பாடம்: தொந்தரவு பண்ணாம, தள்ளி இருந்து பார். இதையே ஏன் குழந்தைகிட்டயும் செய்யக் கூடாது?

அதுக்கு இரண்டு கருவிகள் கைகொடுத்தன. ஒண்ணு, அல்ட்ராசவுண்ட். 1982-ல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு, கருவில் இருக்கும் சிசு ஆரம்ப வாரங்களிலேயே தானாக அசைகிறது என்று காட்டியது. யாரும் தொடவில்லை, எதுவும் தூண்டவில்லை. மூளையும் தண்டுவடமும் வளரும்போதே உள்ளிருந்து அசைவு பிறக்கிறது. இன்னொண்ணு, வீடியோ. ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடிந்தது.

அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. அசைவு எத்தனை தடவை வருது என்பது பெரிய விஷயமில்லை, எப்படி வருது என்பதுதான் விஷயம். நல்லா வளர்கிற குழந்தையின் அசைவில் ஒரு வகைவகைத்தன்மை இருக்கும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. மூளையில் பாதிப்பு இருந்தால் அந்த வகை குறைந்துவிடும். சில குழந்தைகளுக்கு உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் விறைத்து, ஒரே நேரத்தில் தளரும்.

எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிட்டால், சுமார் 9 வாரத்திலிருந்து 20 வாரம் வரை ஒரு தனி அசைவு தெரியும். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என எல்லா இடத்திலும், எல்லாத் திசையிலும், சின்னச் சின்னதாக. இதற்கு ஃபிட்ஜெட்டி அசைவுகள் என்று பெயர். குப்புற விழும் வயசு வரும்போது இது மெல்ல மறைந்துவிடும். நாம கொண்டாடக் காத்திருக்கும் நேரத்தில், முக்கியமான தகவல் கண் முன்னாடியே வந்துட்டுப் போயிடுது!

1997-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில் 130 குழந்தைகள். இந்த அசைவு சரியாக இருந்தவர்கள் 70 பேர், அதில் 67 பேர் பிற்பாடு இயல்பாக வளர்ந்தார்கள். அசைவு இல்லாத, அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்கு நரம்பியல் சிக்கல் இருந்தது. அதில் 49 பேருக்கு செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம்.

இதில் என்ன பெரிய விஷயம்? செரிப்ரல் பால்சியை உறுதி செய்ய வழக்கமாக ஒரு வயசு, இரண்டு வயசு ஆகிவிடும். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று காத்திருக்கும் அந்த மாதங்களில்தான் மூளை ரொம்ப வேகமாகக் கற்றுக்கொள்கிறது. பயிற்சிகளை முன்கூட்டியே தொடங்கினால் அந்தக் காலம் வீணாகாது.

ஆனா இந்த அசைவுகளை எடைபோடப் பயிற்சி பெற்ற கண்கள் எல்லா ஊரிலும் கிடையாது. இங்கேதான் நம்ம போன் கதைக்குள்ள வருது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'பேபி மூவ்ஸ்' என்ற ஆப்பை வைத்து, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரே வீட்டில் படம் பிடித்து அனுப்பினார்கள். திரையில் தெரியும் ஒரு குழந்தை உருவக் கோட்டுக்குள் பாப்பாவைப் பொருத்தி எடுத்தால் போதும். நார்வே ஆய்வாளர்களும் இப்படி ஒரு ஆப் செய்தார்கள். அவர்களோடு சேர்ந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளின் அசைவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள்.

அப்போ போனே சொல்லிடுமா? 2022-ல் நார்வே குழு, இந்தியா உட்படப் பல நாட்டு மருத்துவமனைகளின் வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துச் சோதித்தது. பிற்பாடு செரிப்ரல் பால்சி உறுதியான குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேரை அது கண்டுபிடித்தது. மீதி மூணு பேரைத் தவறவிட்டது. அதே வீடியோக்களைப் பார்த்த நிபுணர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். அதுக்கு முன்னாடியே, 2017-ல் வந்த சர்வதேசப் பரிந்துரை, இந்த மதிப்பீட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடும் நேரடி நரம்பியல் பரிசோதனையோடும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. வீடியோ ஒரு தடயம், தீர்ப்பு இல்லை.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பாப்பாவைப் படம் எடுத்து, யூடியூபில் பார்த்ததோடு ஒப்பிட்டு, ராத்திரி தூங்காம கிடக்காதீங்க. குறைமாதப் பிரசவம், பிறந்தப்போ மூச்சுத் திணறல், ஐ.சி.யு.ல இருந்தது... இப்படி ஏதாவது இருந்தால், மூணாவது மாசத்துக்குள்ள டாக்டர்கிட்ட இந்த மதிப்பீட்டைப் பற்றிக் கேளுங்க. வீடியோ எடுக்கச் சொன்னால் முறை சுலபம். பாப்பா முழிச்சிருக்கணும், அழக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைங்க, கை கால் வெளியே தெரியட்டும். பொம்மை வேண்டாம், சூப்பான் வேண்டாம். மூணு நிமிஷம்.

ரொம்பக் கஷ்டமான வேலை ஒண்ணுதான்: அந்த மூணு நிமிஷமும் நீங்க கொஞ்சக் கூடாது, பேசக் கூடாது. பிரெக்டல் செஞ்ச மாதிரி, தள்ளி நின்னு, சும்மா பார்க்கணும்.