'ரிக்டர்' தெரியும்... 'ஷிந்தோ' தெரியுமா? வேலூர், ஆம்பூர் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய ஜப்பானிய வார்த்தை!

2021 நவம்பர் 29, அதிகாலை 4.17 மணி. வேலூரிலிருந்து மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில், 25 கி.மீ. ஆழத்தில் நிலநடுக்கம் பதிவானது. அதாவது ஆம்பூரைத் தாண்டி, ஏறக்குறைய வாணியம்பாடி பக்கம். அளவு 3.6.

3.6 என்றால் நம்ம வீடு எவ்வளவு ஆடியது? அந்த எண் இதைச் சொல்லாது. அதைச் சொல்லத்தான் ஜப்பானில் தனி அளவு இருக்கிறது. அதன் பெயர் 'ஷிந்தோ'.

ரிக்டருக்கும் ஷிந்தோவுக்கும் என்ன வித்தியாசம்?

ரிக்டர் என்று நாம் சொல்லும் எண், நிலத்துக்கு அடியில் வெளியான சக்தியின் அளவு. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். ஒரு எண் கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும்.

ஷிந்தோ என்றால் 'நடுக்கத்தின் அளவு'. ஷிண்டோ மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஊருக்கு ஊர் மாறும். 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தின் அளவு 9.0. ஆனால் ஷிந்தோ, குரிஹாரா நகரில் 7. டோக்கியோவில் 'மேல் 5'.

எளிமையா சொன்னா, பல்பின் வாட்ஸ்தான் ரிக்டர். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விழும் வெளிச்சம்தான் ஷிந்தோ.

எத்தனை படிகள்?

0 முதல் 7 வரை. 5-க்கும் 6-க்கும் மட்டும் 'கீழ்', 'மேல்' என இரண்டு பிரிவு. மொத்தம் 10 படிகள்.

* 1: வீட்டில் அமைதியாக இருக்கும் சிலர் மட்டும் உணர்வார்கள்.
* 2: தூங்குபவர்களில் சிலர் விழித்துக்கொள்வார்கள்.
* 3: வீட்டுக்குள் இருக்கும் பெரும்பாலானோர் உணர்வார்கள். பாத்திரங்கள் சத்தம் போடலாம்.
* 4: தொங்கும் விளக்குகள் நன்றாக ஆடும்.
* கீழ் 5: எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும்.
* மேல் 6: நிற்க முடியாது. தவழ்ந்துதான் நகர முடியும்.

தோல் தொழிற்சாலையில் டிரம் சுற்றும்போது ஷிந்தோ 1 வந்தால் யாருக்கும் தெரியாமல் போகலாம். அதே அதிர்வு, விடியற்காலையில் மாடி வீட்டில் தெரியும்.

ரிக்டரிலும் ஜப்பான்!

அமெரிக்காவின் சார்லஸ் ரிக்டர் 1935-ல் தன் அளவுகோலை வெளியிட்டார். அதற்கு வழிகாட்டியது ஜப்பானின் கியோ வடாட்டி செய்த ஆய்வு. பெரிய நிலநடுக்கங்களை அளக்க இன்று பயன்படும் முறையை 1979-ல் தாமஸ் ஹேங்க்ஸுடன் சேர்ந்து தந்தவர் ஹிரோ கனமோரி. பின்னதிர்வுகள் நாளாக ஆக எப்படிக் குறையும் என்று 1894-லேயே சொன்னவர் ஃபுசாகிச்சி ஓமோரி. 'சுனாமி'யும் ஜப்பானிய வார்த்தைதான். 'துறைமுக அலை' என்று அர்த்தம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அது தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது.

அனிமே, கேம் பார்ப்பவர்களுக்கு...

பூமிக்கு அடியில் இருக்கும் 'நமாஸு' என்ற ராட்சத கெளுத்தி மீன் துள்ளினால் நிலம் நடுங்கும் என்பது ஜப்பானின் பழைய நம்பிக்கை. அதை அழுத்திப் பிடிக்கும் கல்லின் பெயர் 'கனாமே இஷி'. மகோதோ ஷின்காயின் 'சுஸுமே' (2022) படத்தில் வரும் கல் இதுதான். போக்கிமான் கேமில் வரும் 'விஸ்கேஷ்' மீனின் ஜப்பானியப் பெயர் 'நமாஸுன்'. 'சுஸுமே'யில் செல்போன்கள் திடீரென அலறுவதும் கற்பனை அல்ல. கீழ் 5 அல்லது அதற்கு மேல் ஷிந்தோ வரும் எனக் கணித்தால் ஜப்பானில் நிஜமாகவே அப்படி எச்சரிக்கை வரும்.

அடுத்த முறை என்ன பார்க்கணும்?

இந்தியச் செய்திகளில் ஷிந்தோ வராது. அதனால் ரிக்டர் எண்ணோடு நிறுத்தாமல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அளவு, ஆழம், உங்கள் ஊரிலிருந்து தூரம். ஆழம் குறைந்து, தூரமும் குறைந்தால் சின்ன எண் கூட பலமாக ஆட்டும். மண்ணும் கட்டடமும் கூட முக்கியம்.

அதிர்வு வந்தால் ஓடாதீர்கள். உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து, தலையை மூடி, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனியில் இருந்தால் மெஷின், ரேக், கண்ணாடி ஜன்னலிலிருந்து விலகுங்கள். லிஃப்ட் வேண்டாம். நின்ற பிறகு சுவரில் புது விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.