நயீமுதீன்: ஜப்பானோடு இரண்டு ஆட்டம்

அம்பத்தூர், ஆவடி பக்கம் டர்ஃப்ல டிஃபென்ஸ் ஆட யாரும் முன்வர்றதில்ல. எல்லாருக்கும் கோல் அடிக்கணும். இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு டிஃபெண்டரைப் பத்தி. ஹைதராபாத்காரர் சையத் நயீமுதீன்.

1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியாவின் கேப்டன் அவர்தான். ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு கால்பந்தில் நமக்குப் பதக்கமே இல்லை.

பயிற்சியாளரா 1997லயும் 2005லயும் சாஃப் கோப்பையை ஜெயிச்சுக் கொடுத்தார். அர்ஜுனா, துரோணாச்சார்யா ரெண்டு விருதும் வாங்கினவர்.

2006 பிப்ரவரி, யோகோஹாமா. எதிரே அதே ஜப்பான். 0-6. அந்த வருஷமே பதவி போச்சு. பாப் ஹௌட்டன் வந்தார்.

கோச்சை மட்டும் குத்தம் சொல்றது எனக்கு நியாயமாப் படல. ஜப்பான் 1993லயே ஜே-லீக் ஆரம்பிச்சு, 1998, 2002 உலகக் கோப்பைகள்ல ஆடி முடிச்சிருந்தது. நம்ம தேசிய லீக் தொடங்கினதே 1996 டிசம்பர்லதான்.