கிள்ளான் தொழிலாளர் கேட்ட பேச்சுரிமை

பேச்சுரிமை என்றவுடன் நம்மவருட் பலர் அது வழக்கறிஞருக்கும் பத்திரிகைக்காரருக்கும் உரிய விஷயம் என்று ஒதுங்கி விடுகின்றனர். பால்மரம் சீவுகிறவனுக்கு அதனால் ஆவதென்ன என்று கேட்பாரும் உளர். அங்ஙனம் கேட்பார்க்கு நாம் 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வட்டாரத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

அவ்வாண்டு கிள்ளான் சுற்றுப்புறத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். சீனத் தொழிலாளிக்கு ஒப்பான கூலி வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூடுக, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் தருக, எம் பெண்கள்மீது கைவைப்பதை நிறுத்துக என்றனர். துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரினும் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்ல வேண்டும் என்றுங் கேட்டனர். (இதைப் படித்துச் சிரிப்பார் இருக்கலாம், இறங்கி நடந்தவன் சிரித்திரான்.) அதே பட்டியலில்தான், பேச்சுரிமையும் கூட்டங் கூடும் உரிமையும் வேண்டும் என்பதும் இடம் பெற்றிருந்தது.

சட்டப் புத்தகத்தைக் கண்ணாலுங் காணாத மக்கள், கூலிக்கும் சைக்கிளுக்கும் பக்கத்தில் அவ்வுரிமையை வைத்தது ஏன்? உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போவதையே ஒரு கோரிக்கையாகக் கேட்க வேண்டியிருந்த காலம் அது. வாய் திறக்க வழியில்லாதவன் மற்றக் குறைகளை எவரிடத்து, எவ்வாறு சொல்லுவான்?

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராயிருந்தவர். மே மாதத் தொடக்கத்தில் சர்க்கார் அவரைக் கைது செய்து, பின் இந்தியாவுக்கு நாடு கடத்திற்று. நாடு கடத்தும் அதிகாரம் அந்நாளில் நிர்வாகத்தின் கையில் இருந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. நாதனைப் பிடித்தது கேட்டு வேலைநிறுத்தம் தோட்டந்தோறும் பரவிற்று. அவசரநிலை அறிவித்தனர், படையை அழைத்தனர். அனுப்பப்பட்டவர்களோ இந்தியச் சிப்பாய்கள்! ஐந்து தொழிலாளர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கவே, தோட்டங்களில் அதிகாரஞ் செலுத்திய துரைமார் ஓடிப்போயினர்.

1948இல் ராஜத்துவேஷச் சட்டம் வந்தது. அதன்பின் வந்தவற்றுள் நம் கையிலுள்ள கைப்பேசியைத் தொடுவது, 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டம். இணையத்தைத் தணிக்கை செய்ய இடந்தருவதாக இச்சட்டத்தைக் கொள்ளலாகாது என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. 233ஆம் பிரிவோ, ஆபாசமானது, பொய்யானது, அச்சுறுத்துவது என்பவற்றோடு 'புண்படுத்துவது' என்பதையுஞ் சேர்த்து, பிறர்க்கு எரிச்சலூட்டும் நோக்கத்தோடு அதனை அனுப்புவதுங் குற்றம் என்றது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அச்சொல்லை 'மிகக் கடுமையாகப் புண்படுத்துவது' என மாற்றியது; உச்ச அபராதத்தை 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாகவும், சிறையை ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும் உயர்த்தியது. 'மிக' என்பதை அளக்கும் படி யார் கையில் இருக்கிறது?

எதையும் எவரும் சொல்லலாம் என்பது நம் கட்சியன்று. கொல்லுவேன் என மிரட்டுபவனையும், பெண்ணொருத்தியின் படத்தைப் பரப்பி அவள் வாழ்வைக் கெடுப்பவனையும், பொய் சொல்லி ஏழையின் பணத்தைப் பறிப்பவனையும் சட்டம் பிடிக்கத்தான் வேண்டும். அங்கே தீங்கு இன்னதென்று காட்ட இயலும். மனம் நோதலை அவ்வாறு காட்டல் அரிது. சாதியைக் கண்டித்தால் சாதிமானின் மனம் நோகிறது. சைக்கிளை விட்டு இறங்காத கூலியாளைக் கண்டு துரையின் மனமும் நொந்தது. துரை நோகாதபடி கிள்ளான் சாலையிற் செல்ல ஒரே வழி, இறங்கி நடப்பதே.

இன்று பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் அமர்ந்து கைப்பேசியில் எழுதும் இளைஞனுக்கு நாதனுக்கில்லாத ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டின் கூட்டரசு அரசியலமைப்பில், 10ஆம் விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை வழங்குகிறது. நாட்டின் பாதுகாப்பு, பிறநாட்டு நட்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலிய காரணங்களுக்காகப் பாராளுமன்றம் அதனைக் கட்டுப்படுத்தலாம் என்றும் அவ்விதியே சொல்லுகிறது. எரிச்சல் என்பது அக்காரணங்களுள் ஒன்றாக அங்கே எழுதப்படவில்லை.