முயலைத் தீட்டிய கை

சிறுவர் நூலுக்குப் படம் வரைவது எளிய பணி என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் வரலாறு.

1866-ல் லண்டன் மாநகரில் செல்வக் குடியில் பிறந்த அவர், பள்ளி சென்று பயின்றவரல்லர். வீட்டில் வளர்த்த முயலும் சுண்டெலியும் தவளையுமே அவருக்குத் தோழர்கள்; அவற்றைப் பார்த்தே வரையக் கற்றார். பின்னர்க் காளான்களை நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்து, நூற்றுக்கணக்கில் தீட்டினார். 1897-ல் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தின்முன் வைக்கப்பட்டது. அந்நாளில் அச்சங்கக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை; ஆதலால் கட்டுரையை எழுதியவர் அங்கு இல்லை!

ஆயினும் அவருடைய தூரிகை ஓயவில்லை. நோயுற்றிருந்த சிறுவன் ஒருவனுக்கு 1893-ல் படங்களோடு எழுதிய முயற்கதைக் கடிதத்தை நூலாக விரித்தார். பதிப்பாளர் பலர் மறுத்தனர். 1901-ல் தம் பொருளைச் செலவிட்டு 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டே வார்ன் பதிப்பகத்தார் அதனை வண்ணப் படங்களுடன் வெளியிட்டனர். குழந்தையின் கைக்கு அடங்கும் சிறு நூல். ஒரு பக்கம் கதை, எதிர்ப்பக்கம் படம்.

பீட்டர் என்னும் அம்முயல் நீலச் சட்டை அணிந்திருக்கிறது. எனினும் சட்டைக்குள் இருப்பது மெய்யான முயலே. காதும் காலும் முதுகின் வளைவும் பிழையின்றி அமைந்துள்ளன. கூர்ந்து நோக்கிய கண்ணே அக்கற்பனைக்கு உயிர் தந்தது.

அம்மையார் 1943-ல் மறைந்தார். 1967-ல் வெளிவந்த காளான் நூலொன்றில் அவர் தீட்டிய 59 ஓவியங்கள் இடம்பெற்றன. உள்ளதை உள்ளவாறு கண்டு வரைந்த உழைப்பு, காலம் தாழ்ந்தேனும் மதிக்கப்பெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?